கடைசி எண்

வியாழன் இரவு பத்தரைக்கு
மஸ்ஜித் ஜாமெக் பக்கம் வேனை நிறுத்துவோம்.
நான், தாதி அஸ்லினா,
எண்பது சோற்றுப் பொட்டலம், புண்ணுக்கு மஞ்சள் மருந்து,
அப்புறம் இந்தப் பாரம்.
படிவத்தை இங்கே நாங்கள் பாரம் என்றுதான் சொல்வோம்.
வேறு சொல் தேவைப்பட்டதில்லை.

மூடிய துணிக்கடை அஞ்சடியில்
அட்டைப்பெட்டி விரித்திருப்பார் கோதண்டபாணி.
ஐசி தொலைந்துவிட்டது; எண் தொலையவில்லை.
பன்னிரண்டு இலக்கமும் ஒரே மூச்சில் சொல்வார்.
விற்ற லோரியின் பிளேட் எண்,
பட்டர்வர்த்திலிருந்து கிள்ளான்வரை அந்நாளைய டோல்,
சில்லறையோடு.

நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில்
தம்பி தனபாலன், நிபோங் திபால் என்றார்.
தொலைபேசி?
ஒன்பது இலக்கம் சொன்னார்.
பிறகு கூரையைப் பார்த்தார்.
"கடைசி நம்பர் மறந்துபோச்சும்மா."

பகலில் நான் கணக்கு எழுதுகிறவள்.
பத்து வாய்ப்புதானே என்றேன்.

சுழியம்: இன்னும் கடை மூடாத டயர்க்காரர்.
ஒன்று: சேவையில் இல்லை.
இரண்டில் ஒரு சீன அக்கா, தூக்கக் குரலில்,
யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டு
கிடைக்கட்டும் என்று சொல்லி வைத்தார்.
"போதும்மா, சோறு ஆறுது."

அடுத்த வியாழன் மழை.
மூன்றை மட்டும் அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை.
அதற்கடுத்த வாரம்
நான்கில் ஒரு பிள்ளை, அப்பா குளிக்கிறார் என்றது.
ஐந்து எங்களைத் திட்டியது.
ஆறுக்கு என் விரல் போனபோது
"சோறு ஆறுது" என்றார்.

வேன் புடு ரோட்டில் திரும்பும்போதுதான் உறைத்தது:
அன்றைக்குச் சோறே இல்லை.
ரொட்டிதான் கொடுத்திருந்தோம்.

அஸ்லினாவிடம் சொன்னேன்.
மறுவாரம் ஒரு கிழவரின் காலில்
காய்ந்த கட்டுத்துணியை நனைத்துக்கொண்டே,
ஒட்டியதை இழுக்கக் கூடாது என்றாள்,
யாரைப் பற்றி என்று சொல்லாமல்.

இழுக்கவில்லை. ஒருநாள் தானாக வந்தது.
லோரிக் கடனுக்குத் தம்பி போட்ட ஜாமீன் கையெழுத்து.
மூன்று தவணை தவறியதும்
பேங்க் கடிதம் போனது தம்பி வீட்டுக்கு.
கேமரன் மலைக்குக் காய் ஏற்றப் போகிறேன் என்று சொல்லி
கேஎல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.
ஏழு வருஷமாகக் காய் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

நவம்பரில் காப்பகத்தில் ஒரு கட்டில் காலியானது.
பதினான்கு நாள் தங்கலாம்.
புது ஐசிக்கு மனுப் போட்டுத் தருவார்கள்,
சாவியோடு ஓர் இரும்புப் பெட்டி தருவார்கள்.
பெட்டிக்குள் செருப்பை வைத்துப் பூட்டினார்.
சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள்
என் கைப்பேசியைக் கேட்டார்.
பார்க்காமலே அழுத்தியது கட்டைவிரல்,
பத்து இலக்கமும்,
கியர் மாற்றுவதுபோல.

நாலு மணி அடித்தது.
"ஹலோ?"
அவர் வாய் திறந்தது.
"மாஃப், சாலா நொம்போர்" என்றார்,
தொண்டையை வேறு யாருடையதோ ஆக்கிக்கொண்டு.
திரையைச் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தார்.

நான் பாரத்தை மடித்தேன்.
எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது.
ஆறில் முடிகிற எண்.
ஏழு வருஷத்தில் தம்பி எத்தனை வீடு மாறினாரோ,
இதை மாற்றவில்லை.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
மேசைமேல் அது நகர்வதை,
ஓய்வதை,
மறுபடி நகர்வதை.

"சோறு ஆறுது" என்றார்.
மேசையில் வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் முறை
இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்தார்.
ஒன்றை நீட்டினார்.